தேய்த்தால் போகாத கறுப்பு

விரல் முட்டிகள் கறுத்துப்போனால் திருவரங்குளம் வட்டாரத்தில் யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை. வெயில் என்பார்கள். உளுந்து பிடுங்கிய கை, கீரமங்கலத்துத் தோட்டத்தில் விடிகாலையில் மல்லிகை எடுக்கிற கை, நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்த கை, கறுக்காமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் பின்கழுத்தில் கறுப்பு படிந்தால், “ஒழுங்காத் தேய்ச்சுக் குளி” என்று அதட்டல். பையனின் முதுகில் தேமல் தெரிந்தால் மருந்துக் கடையில் ஒரு டியூப். அரிக்கிறது என்றால் இன்னொரு டியூப்.

பெரும்பாலானவர்களுக்கு இதற்குப் பின்னால் பயப்பட ஒன்றும் இருக்காது. வெயில் வெயில்தான், தேமல் தேமல்தான். ஆனால் சிலருக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு உள்ளே இருக்கிற நோய், ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் முன்பே தோலில் வந்து நிற்கிறது. அந்தச் சிலரை நாம் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் இருக்கும் திருவரங்குளம், பழைய சிவன் கோயிலைக் கொண்ட ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் அதுதான். அந்த ஒன்றியத்து வம்பனில் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்தப் பகுதியில் உளுந்து போட்டவர்களுக்கு மஞ்சள் தேமல் நோயைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. இலையில் மஞ்சள் திட்டு விழுந்தால் இலையைக் கழுவ மாட்டார்கள்; வைரஸைப் பரப்புகிற வெள்ளை ஈ எங்கே என்று இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். செடிக்குக் காட்டுகிற இந்தக் கவனத்தைத் தன் உடம்புக்கும் பிள்ளையின் கழுத்துக்கும் ஒரு விவசாயக் குடும்பம் காட்டினால் போதும். பல நோய்கள் முன்கூட்டியே பிடிபடும்.

வேலூரில் பார்த்த கைகள்

விரல் முட்டிக் கறுப்புக்கே முதலில் வருவோம். அதன் கதை நம் தமிழ்நாட்டில்தான் எழுதப்பட்டது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1960-களில் செல்வின் பேக்கர் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் வேலை பார்த்தார். தின்ற சோற்றின் சத்தைக் குடல் உறிஞ்சாமல் விட்டுவிடுகிற ‘ஸ்ப்ரூ’ நோயையும், அதனால் வருகிற ரத்தசோகையையும் ஆராய்ந்துவந்தவர். சோகை பிடித்து வந்த தென்னிந்திய நோயாளிகளின் கைகளை அவரும் சகாக்களும் உற்றுப் பார்த்தார்கள். விரல் முட்டிகளிலும் உள்ளங்கை ரேகைகளிலும் பாதத்திலும் வழக்கத்துக்கு மாறான கறுப்பு. பி12 வைட்டமின் கொடுத்தபோது சோகை தீர்ந்ததோடு அந்தக் கறுப்பும் மங்கியது. 1963-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் இதை வெளியிட்டார்கள். தோல் கறுப்பது பி12 குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம் என்பது இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிற பாடம்.

இதில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது, கறுத்த தோலில் கறுப்பை அடையாளம் கண்டார்கள் என்பதுதான். “இவர்கள் நிறமே இப்படித்தான்” என்று கடந்துபோவது எவ்வளவு எளிது! தோல் மருத்துவப் புத்தகங்களின் படங்கள் நெடுங்காலம் வெள்ளைத் தோலையே காட்டிவந்தன. ‘சிவந்த தடிப்பு’ என்று புத்தகம் சொல்வது நம் தோலில் சிவப்பாகத் தெரியாது. ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் இந்தக் குறையைப் போக்கவே, கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் ‘மைண்ட் தி கேப்’ என்ற கையேட்டை ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-ல் கொண்டுவந்தார். அதற்கு ஏறத்தாழ அறுபது வருடம் முன்னால் வேலூர் வார்டில் அந்த வேலை தொடங்கிவிட்டது.

பி12 குறைந்தால் ரத்த அணுக்கள் சரியாக முதிர்வதில்லை. நரம்பின் மேலுறையும் தேய்கிறது. பாதத்தில் எறும்பு ஊர்கிற உணர்வு, இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம், காரணமில்லாத களைப்பு, மறதி என்று ஒவ்வொன்றாக வரும். வயதானவர் என்றால் எல்லாவற்றையும் ‘வயசாச்சு’ என்ற ஒரே பதிலில் அடக்கிவிடுகிறோம். நரம்புச் சேதம் நீண்டுவிட்டால் முழுதாகத் திரும்பாது. ஊசி போட்ட சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முட்டிக் கறுப்பு மங்கும். நரம்பு அவ்வளவு எளிதில் மன்னிப்பதில்லை.

யாருக்கு இது வரும்? பி12 கறி, மீன், முட்டை, பால் இவற்றில்தான் கிடைக்கிறது. கீரையிலும் பயறிலும் இல்லை. சைவர்கள், பால்கூட அளவாக வாங்குகிற ஏழை வீடுகள், இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு வரும். இன்னொரு கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்: சர்க்கரைக்காகப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். கால் மரத்தால் ‘சர்க்கரையால்’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். பாதிக் காரணம் பி12-ஆக இருக்கலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் கையைக் காட்டி, “பி12 பார்க்கலாமா?” என்று கேட்கலாம்.

கைக்குழந்தைகளையும் இந்த இடத்தில் மறக்கக் கூடாது. தாய்க்கே பி12 இல்லையென்றால் தாய்ப்பாலிலும் இருக்காது. அப்படிப்பட்ட குழந்தை கொழுகொழுவென்றுகூட இருக்கும். ஆனால் சிரிப்பு மறையும், நின்ற தலை தொய்யும், கை நடுங்கும், விரல் முட்டி கறுத்திருக்கும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் நன்கறிந்த நிலை இது. உட்கார்ந்த குழந்தை மறுபடி உட்காராமல் போனால் அதற்கு மந்திரிக்கக் காத்திருக்கக் கூடாது, ஒரு நாள்கூட.

அழுக்கு என்று அழ வைக்கிறோம்

பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணிபோல் தடித்த கறுப்பு படிவது வேறு வகை. பக்கத்திலேயே சின்னச் சின்ன மருக்களும் முளைத்திருக்கும். பீர்க்கங்காய் நாரும் பாசிப்பயறு மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் தோல் புண்ணாகும்; கறுப்பு போகாது. அது அழுக்கே இல்லை. உடம்பின் செல்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிதமிஞ்சிய இன்சுலின் தோல் செல்களை வளரத் தூண்டுகிறது. மடிப்பு விழுகிற இடங்களில் தோல் தடித்துக் கறுக்கிறது. சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே இது வந்துவிடும்.

சென்னை மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வாசலில் நிற்கிறவர்களுக்கு வலி இல்லை, தாகம் இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை. கழுத்துக் கறுப்பு மட்டும் சிலருக்கு இருக்கிறது. அந்த ஒரே அறிகுறியையும் சோப்புப் போட்டுத் துரத்தப் பார்க்கிறோம்.

வளரிளம் பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. கழுத்தில் கறுப்பு, மாதவிடாய் தள்ளிப்போவது, மோவாயில் முடி, எடை கூடுவது, இவை நான்கும் சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையை யோசிக்க வேண்டும். அதற்குப் பதிலாக அந்தப் பெண்ணுக்கு வீட்டில் திட்டும் வகுப்பில் கேலியும் கிடைக்கின்றன. குளிக்காதவள் என்ற பெயரைச் சுமந்துகொண்டு துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்துச் சுற்றிக்கொள்கிற பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். எடை குறைந்து, உடல் உழைப்பு கூடினால் கறுப்பு தானாகவே இளகும். திட்டு எதையும் இளக்காது.

ஒல்லியாக இருக்கிற நடுத்தர வயதுக்காரருக்கு இதே கறுப்பு ஒன்றிரண்டு மாதத்தில் மளமளவென்று பரவி, உள்ளங்கையும் தடித்து, உடம்பு இளைத்தால் நிலைமை வேறு. அரிதாக, வயிற்றுக்குள் இருக்கிற புற்றுநோய் இப்படித் தலைகாட்டும். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையிலிருந்துதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அவர் பிறந்த மண்ணில், இந்த நோய் தாமதமாகப் பிடிபடுவதன் விலையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

உணர்ச்சி இல்லாத தேமல்

ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் வெகுகாலமாக எழுதியிருக்கும் வாசகம் ஒன்று உண்டு: உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம். பலமுறை பார்த்துப் பழகியதாலேயே யாரும் அதைப் படிப்பதில்லை.

சாதாரணத் தேமலில் லேசாகச் செதில் உதிரும், வேர்த்தால் அரிக்கும். தொழுநோய்த் திட்டு அரிக்காது, வலிக்காது. வெளுத்தோ செம்பு நிறத்திலோ இருக்கும். அந்த இடத்தில் வேர்க்காது, முடி உதிர்ந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சு நுனியால் தொட்டால் தெரியாது. வலிக்காத நோய்க்கு வேலையை விட்டுவிட்டு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? தொழுநோய்க்குச் சாதகமாக இருப்பது அந்த வலியின்மைதான். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போது கை சுட்டது தெரியவில்லை, நடக்கையில் செருப்பு கழன்றது தெரியவில்லை, சுண்டுவிரல் மடங்கிக்கொண்டே வருகிறது என்ற கட்டத்தில்தான் பலர் வருகிறார்கள். அதற்குள் முழங்கை நரம்பு தடித்துவிட்டிருக்கும்.

தொழுநோய்க் கிருமியை 1873-ல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் கண்டுபிடித்தார். மிக மெதுவாகப் பெருகுகிற கிருமி அது; உள்ளே நுழைந்து அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்து வருடமாகும், இருபதுகூட ஆகலாம். அதை எதிர்த்த போராட்டத்தில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. செங்கல்பட்டுத் தொழுநோய் நிலையமும் வேலூரை ஒட்டிய கரிகிரியும் உலகுக்கே பயிற்சி கொடுத்த இடங்கள். தொழுநோயாளியின் விரல் அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி போனதால் பட்ட காயங்களாலும் தீப்புண்களாலும்தான் தேய்ந்துபோகிறது என்பதை வேலூரில்தான் டாக்டர் பால் பிராண்ட் நிலைநாட்டினார்; மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியும் காட்டினார்.

நோயாளிகள் எண்ணிக்கை 2005 டிசம்பருக்குள் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டதால், பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் தொழுநோய் ஒழிந்தது என்று இந்தியா அறிவித்தது. உழைத்துப் பெற்ற வெற்றிதான் அது. ஆனால் ‘ஒழிந்தது’ என்ற சேதி மட்டும் ஊருக்குள் தங்கிவிட்டது, நிபந்தனை தங்கவில்லை. இன்றும் ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் இந்தியர்களுக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. உலகத்தின் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேல் நம்மவர்கள். தொழுநோய்க்கென்றே இருந்த களப்பணி பொது சுகாதாரப் பணியோடு இணைக்கப்பட்ட பிறகு, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்க்கிற பழக்கம் தேய்ந்துவிட்டது. இதை ஒரு பின்னடைவாகவே பார்க்கிறேன்.

மருந்து கைவசம் இருக்கிறது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் சேர்ந்த கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகும். தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பு அநேகமாக நீங்கிவிடும். குளோஃபாசிமின் தோலைக் கொஞ்ச காலம் கறுக்கச் செய்யும். அதைப் பார்த்து நோய் முற்றுகிறது என்று பயந்து பாதியில் நிறுத்திவிடக் கூடாது. கணவனோ மனைவியோ தொழுநோயாளி என்பதைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்றிருந்த சட்டப் பிரிவுகள் 2019-ல்தான் நீக்கப்பட்டன. மறைப்பதற்கு மக்களுக்கு நியாயமான காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைச் சட்டம் எடுத்துவிட்டது. இனி ஊர் எடுக்க வேண்டும்.

பளிச்சென்று வெள்ளையாகும் வெண்புள்ளி தொழுநோய் அல்ல. அதில் உணர்ச்சி முழுதாக இருக்கும், யாருக்கும் ஒட்டாது. சிலருக்குத் தைராய்டு கோளாறு கூடவே இருப்பதுண்டு என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

தோல் காட்டுகிற குறிகள் இன்னும் பல உண்டு. தோலில் தடிப்பே இல்லாமல் உடம்பு முழுக்க மாதக்கணக்கில் அரித்தால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். இமை ஓரத்தில் மஞ்சள் கொழுப்புத் திட்டு விழுந்தால் கொலஸ்ட்ராலைப் பார்க்க வேண்டும். வெயிலில் போனால் மூக்கின் இருபுறமும் கன்னத்தில் தடித்து, மூட்டும் வலித்து, முடியும் கொட்டுகிற இளம்பெண்ணுக்கு லூபஸாக இருக்கலாம். அதை ‘மங்கு’ என்று விட்டால் சிறுநீரகம் கெடலாம்.

அக்கியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு பக்கமாகக் கொப்புளம் கட்டுவதுதான் அக்கி. குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர்களின் பழைய பழக்கம். எழுதுகிற கையின் பரிவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை முதல் மூன்று நாளில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கண்ணை ஒட்டி வந்தால் பார்வைக்கே ஆபத்து. முதியவருக்கு அக்கி சாதாரணம். முப்பது வயதில் பரவலாக வந்தால் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்க்க வேண்டும். சென்னையில் 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகு, இளைஞர்களின் அக்கி மருத்துவர்களை யோசிக்க வைக்கிற குறியாயிற்று.

ஒரு தோல் மருத்துவரின் கண் ஓர் ஊரை மட்டுமல்ல, ஒரு மாநிலத்தையே காப்பாற்றப் போதுமானது. கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் 1980-களின் தொடக்கத்தில் டாக்டர் கே.சி. சாஹாவிடம் வந்த கிராமத்தவர்களுக்கு மார்பில் மழைத்துளி தெறித்ததுபோல் புள்ளிகள், உள்ளங்கையில் கடினமான முண்டுகள். களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பவில்லை அவர். எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று கேட்டார். ஆழ்துளைக் குழாய் நீரில் ஆர்செனிக் இருந்தது. மேற்கு வங்கத்திலும் பிறகு வங்கதேசத்திலும் கோடிக்கணக்கானோர் குடித்த நீரின் நஞ்சு வெளியே தெரிந்தது இப்படித்தான்.

சாஹாவின் நோயாளிகள் நம் ஊர் மருந்துக் கடையில் வந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு டியூப் கிடைத்திருக்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கும். படர்தாமரையை உருத் தெரியாமல் மாற்றி உடம்பெங்கும் பரப்பும். முகத்தில் தடவினால் தோலை மெலிய வைக்கும். மருத்துவர் பார்க்கும்போது நோயின் அசல் உருவமே கலைந்திருக்கும். பதினான்கு வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்தது. சீட்டு கேட்காமல் கொடுக்கிற கவுன்டர்கள் இன்னும் இருக்கின்றன. சிவப்பழகு கிரீம்கள் இதைவிட மோசம். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கொட்டியது. கிரீமில் இருந்த பாதரசம் சிறுநீரக வடிகட்டியைப் பழுதாக்கியிருந்தது. கறுப்பை மறைக்கப் போய், இல்லாத நோயை உள்ளே வரவழைத்த கதை இது.

புதுக்கோட்டைக்கு 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. திருவரங்குளத்துக்காரருக்குத் தோல் மருத்துவர் எட்டாத தூரத்தில் இல்லை. வீடு தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு உள்ளங்கை, விரல் முட்டி, கழுத்து, பாதம் இவற்றையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் அனுப்பிவைக்க அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுக்க வேண்டும். கருவி எதுவும் வாங்க வேண்டாம். பகல் வெளிச்சமும் ஒரு துணுக்குப் பஞ்சும் போதும். சுகாதாரத் துறை இதைத் திருவரங்குளம் ஒன்றியத்திலேயே தொடங்கலாம்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. இந்த வாரம் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில், நம் கண்ணுக்கே எட்டாத முதுகையும் பின்கழுத்தையும் ஒருவருக்கொருவர் பாருங்கள். அரிக்காத, உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பிள்ளையின் கழுத்து கறுத்திருந்தால் நாரைக் கீழே வைத்துவிட்டுச் சர்க்கரை பாருங்கள். மருந்துக் கடையில் டியூப் கேட்கும் முன் மருத்துவரிடம் தோலை அதன் அசல் நிலையில், எதுவும் பூசாமல் காட்டுங்கள்.